சுங்கை சிப்புட்டிலிருந்து ஃபிட்ஸ்ராய்க்கு: இடையில் போய்ச் சேருபவருக்கு ஏ.சி.யு. எப்படி?

டிப்ளோமா முடித்துவிட்டோ, உள்ளூரில் இளங்கலை ஓராண்டு படித்துவிட்டோ, மிச்சத்தை ஆஸ்திரேலியாவில் முடிக்க நினைக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக இந்த மதிப்பீடு. ஏ.சி.யு. என்கிற ஆஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1991 ஜனவரி 1-ஆம் தேதி தொடங்கியது. பெயரில் கத்தோலிக்கம் இருந்தாலும் அது அரசு நிதி பெறும் பொதுப் பல்கலைக்கழகம். இங்கே பேசுவது மெல்பர்ன் வளாகத்தைப் பற்றி. ஃபிட்ஸ்ராயில், விக்டோரியா பரேட் சாலையில் இருக்கிறது. பார்லிமென்ட் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

முதலில் கிரெடிட், அதாவது ஏற்கெனவே படித்த பாடங்களை அங்கே கழித்துத் தருவது. மூன்றாண்டுப் பட்டம் என்றால் 24 பாடம். ஒவ்வொன்றும் 10 புள்ளி, ஆக 240. ஒரு பாடத்துக்கு 150 மணி நேர உழைப்பு என்று கணக்கு. நம் நாட்டில் எம்.கியு.ஏ. என்கிற மலேசியத் தகுதி முகமையின் விதிப்படி 1 கிரெடிட் 40 மணி நேரம். அதாவது நீங்கள் படித்த 3 கிரெடிட் பாடம் 120 மணி. அங்குள்ள ஒரு பாடத்தைவிட 30 மணி குறைவு. 4 கிரெடிட் பாடம் 160 மணி, தாராளமாகப் பொருந்தும். "அதே தலைப்புத்தானே, ஏன் தரவில்லை?" என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். மணிக்கணக்கு இடிக்கும்போது, ஒரே துறையில் அடுத்தடுத்துப் படித்த இரண்டு பாடங்களைச் சேர்த்துக் காட்டி ஒன்றுக்கு இணையாகக் கேளுங்கள்.

கேட்பதற்குக் கையில் சரக்கு வேண்டும். மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்துக்கும் வார வாரியான தலைப்புகள், கற்றல் நேரம், தேர்வுக்கும் இடுபணிக்கும் எத்தனை விழுக்காடு, எந்தப் பாடநூல் என்பதெல்லாம் உள்ள பாடத்திட்டத்தை, நீங்கள் படித்த ஆண்டின் பதிப்பாகவே வாங்குங்கள். கல்லூரி இணையத்தில் கிடப்பது இந்த ஆண்டுப் பதிப்பாக இருக்கும். பாடக் குறியீடு ஓர் எழுத்து மாறினால்கூடக் கோப்பு திரும்பி வரும். மலாயில் உள்ள பக்கங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடியே எல்லாத் தாளிலும் இருக்கட்டும். ஒன்றில் இன்னாரின் மகள் என்பதற்கு 'a/p', இன்னொன்றில் 'anak perempuan', மூன்றாவதில் இரண்டும் இல்லை என்று நம் பிள்ளைகளின் தாள்கள் கிடக்கும். தபால் செய்யும் முன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து ஒப்பிடுங்கள்.

கிரெடிட் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்பது ஊரில் எல்லாரும் சொல்வது. அது முழு உண்மையல்ல. படிப்பு முடிந்து அங்கே வேலை பார்க்க 485 விசா வேண்டுமானால், ஆஸ்திரேலியாவில் குறைந்தது இரண்டு கல்வியாண்டு, அதாவது பதிவு செய்யப்பட்ட 92 வாரப் படிப்பு, முடித்திருக்க வேண்டும். 8 பாடம் கழிந்தால் 16 மிச்சம், நான்கு செமஸ்டர், கணக்கு சரியாக நிற்கும். 12 பாடம் கழித்துக் கொடுத்தால் ஒன்றரை ஆண்டுதான். கட்டணம் மிச்சமாகும், விசா கைவிட்டுப் போகும். நாடு திரும்பத்தான் போகிறேன் என்பவர் 12-ஐ ஏற்கலாம். எதுவானாலும் எழுத்தில் கிரெடிட் முடிவு வந்த பிறகே முன்பணம் கட்டுங்கள். சேர்க்கை உறுதிக் கடிதம் வந்தபின் கிரெடிட் மாறினால், அந்தக் கடிதத்தையும் படிப்பு முடியும் தேதியையும் திருத்த வேண்டிவரும்.

ஆஸ்திரேலியாவிலேயே வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து மாறுவோருக்கு இன்னொரு கட்டு: முதன்மைப் படிப்பில் ஆறு மாதம் முடியும் முன் மாற, பழைய இடத்தின் விடுவிப்பு தேவை.

கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்பதால் வரும் தனி விஷயம் பொதுப் பாடத் தொகுதி. மனித மாண்பு, பொதுநன்மை, சமூக நீதி, கூடவே தத்துவமோ இறையியலோ. ஞானோபதேச வகுப்பு என்று நினைக்காதீர்கள். வாசித்து, வாதிட்டு, கட்டுரை எழுதும் பாடம். இந்துப் பிள்ளைகளுக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் எந்தத் தடையும் இல்லை, திருப்பலிக்கு யாரும் இழுப்பதில்லை. ஈப்போ செயின்ட் மைக்கேலிலோ கான்வென்டிலோ படித்த பெற்றோருக்கு இந்தச் சூழல் புதிதல்ல. நம் எம்.பி.யு. என்கிற பொதுப் பாடங்களான அறநெறி, தத்துவம் இவற்றுக்கு ஈடாகும் என்று நம்பியிருக்க வேண்டாம், கேட்டுப் பார்க்கலாம். இரண்டாம் ஆண்டில் நேரடியாக நுழைபவர் முதலாண்டுப் பொதுப் பாடத்தையும் இரண்டாம் ஆண்டுத் துறைப் பாடத்தையும் ஒரே செமஸ்டரில் சுமக்க நேரும். ஆங்கிலக் கட்டுரை எழுதிப் பழகாதவர் சறுக்குவது துறைப் பாடத்தில் அல்ல, இதில்தான். மேற்கோள் காட்டும் முறையை ஊரிலேயே பழகிக்கொண்டு போங்கள்.

தாதியர், ஆசிரியர் படிப்பில் சேருபவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, களப்பயிற்சி சீக்கிரம் வந்துவிடும். ஹெப்படைட்டிஸ் பி, தட்டம்மை, சின்னம்மை தடுப்பூசிப் பதிவுகளைக் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) இப்போதே கேளுங்கள். ஹெப்படைட்டிஸ் பி போட்டிருந்தாலும் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை கேட்பார்கள். புதிதாகத் தொடங்கினால் வழக்கமான மூன்று ஊசிக்கு ஆறு மாதம். நன்னடத்தைச் சான்றிதழை வெளியுறவு அமைச்சின் இணையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். அதையும் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

பணத்தில் ஏமாற்றிக்கொள்ள முடியாது. பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் இதற்குக் கிடையாது. பெற்றோர் இ.பி.எஃப். சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கு எடுக்கலாம்; தோட்டச் சம்பளத்தில் சேர்ந்த தொகை எவ்வளவு தூரம் வரும் என்பதை உட்கார்ந்து பேசுங்கள். மாணவர் விசாக் கட்டணம் 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர். அந்த விசாவுக்குக் கையில் காட்ட வேண்டிய ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 2024 மே மாதம் வைத்த அளவு 29,710 டாலர். படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் தனி. செமஸ்டர் நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதை நம்பிக் கட்டணம் கட்டத் திட்டமிட்டால் படிப்பு கெடும்.

தீபாவளி பெரும்பாலும் இரண்டாம் செமஸ்டரின் கடைசி வாரங்களிலோ தேர்வையொட்டியோ வரும், ஊருக்கு வர வழியில்லை. சன்ஷைன் நார்த்தில் முருகன் கோயில் இருக்கிறது, கேரம் டவுன்ஸில் சிவா விஷ்ணு கோயில். மசாலைத் தூளைக் கடைப் பொட்டலமாகவே எடுத்துப் போய் விமான நிலையப் படிவத்தில் எழுதிக் காட்டுங்கள். பச்சைக் கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மெல்பர்ன் நமக்கு இரண்டு மணி நேரம் முந்தி, அக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மூன்று. அம்மா அதிகாலை பால்மரம் வெட்டக் கிளம்பும்போது அங்கே பொழுது விடிந்திருக்கும், அழைத்துப் பேச அதுவே தோதான நேரம்.