பட்டமா, தாதியர் கல்லூரியா?

உயர்தரப் பெறுபேறு வெளிவந்த கிழமையில் எங்கள் ஒழுங்கையில் யாராவது ஒரு தாய் என்னை மறித்துக் கேட்பார்: "பிள்ளைக்குத் தாதி வேலைதான் விருப்பமாம். கம்பஸுக்கு விடவா, தாதியர் கல்லூரிக்கு விடவா?" நான் தாதியியலில் பட்டம் முடித்தவள். அதனால் பட்டத்தைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறார்கள். நான் முதலில் விசாரிப்பது வீட்டு வரவுசெலவை.

யாழ். பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டத்துக்கு நான்கு வருடங்கள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்து, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி கைகொடுத்தால்தான் இடம். தாதியர் கல்லூரி டிப்ளோமாவுக்கு மூன்று வருடங்கள். சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும். பயிற்சிக் காலத்திலேயே மாதக் கொடுப்பனவும் உண்டு. மூத்த பிள்ளை உழைத்தாக வேண்டிய வீட்டில் இந்த வேறுபாடே பாதி முடிவு.

மீதிப் பாதியை வைத்தியசாலையின் நோயாளர் விடுதியில்தான் பார்க்கவேண்டும். உயர்தரத்தில் என் பக்கத்து மேசையில் இருந்தவள் டிப்ளோமாவுக்குப் போனாள். பயிற்சிக்காக இருவரும் யாழ். போதனா வைத்தியசாலையில் சந்தித்துக்கொள்வோம். ஒருநாள் ஆயிரம் மில்லிலீற்றர் சேலைனை எட்டு மணித்தியாலத்தில் ஏற்றவேண்டியிருந்தது. மில்லிலீற்றருக்கு இருபது துளி விழும் குழாய். நிமிடத்துக்கு 42 துளி என்று நான் தாளில் கணக்குப் போட்டு நிமிர்ந்தபோது, அவள் மணிக்கூட்டைப் பார்த்தபடி திருகியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் நிறுத்திய இடமும் ஏறக்குறைய 42தான். பக்கத்துக் கட்டில் ஆச்சி என்னிடம், "எழுதியது போதும் பிள்ளை, இந்தத் தலையணையைக் கொஞ்சம் உயர்த்திவிடு" என்றார்.

முதல் இரண்டு வருடங்களில் கைப்பழக்கத்தில் அவளே முன்னால் நின்றாள். ஒரு நோயாளிக்கு இந்த மருந்தை ஏன் நிறுத்தினார்கள் என்று மருத்துவரிடம் கேட்கும் துணிவு எனக்கு மூன்றாம் வருடத்தில்தான் வந்தது. அதைத் தந்தது பட்டப்படிப்பின் உடற்றொழிலியலும் மருந்தியலும் என்றே நினைக்கிறேன். கடைசி வருட ஆய்வுக் கட்டுரை நித்திரையைத் தின்றுவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பட்டப்படிப்பு ஆங்கிலத்தில். நோயாளியோ இடுப்பு வலியை "நாரி பிடித்துவிட்டது" என்பார், "வயிறு பொருமுகிறது" என்பார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த ஊர் இது! என் குறிப்புப் புத்தகத்தின் ஓரமெல்லாம் நாரி, குதி, பிடரி என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தேன்.

விரிவுரையாளராகவோ ஆராய்ச்சிப் பக்கமோ போகும் எண்ணமுள்ள பிள்ளைக்கு நேரே பட்டம் நல்லது. வீட்டில் பணம் இறுகியிருந்தால் தயங்காமல் டிப்ளோமா. சேவையில் சேர்ந்த பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் படிக்கலாம்.

என் தோழி இப்போது அதற்குத்தான் ஆயத்தமாகிறாள். இரவுக் கடமை முடிந்த கையோடு போன கிழமை வீட்டுக்கு வந்து, அந்தப் பென்சில் எழுத்துப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.