ஐப்பசியின் முதல் அடுப்பு: பனையா, தென்னையா, கருவேலா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீட்டில் வெந்நீர் அடுப்பு பங்குனியோடு ஓய்ந்துவிடும். கோடையில் யாருக்கு வெந்நீர் வேண்டும்? சமையலுக்கு எரிவாயு இருக்கிறது. ஆறேழு மாதம் கழித்து, ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து, பிள்ளைகளில் ஒருத்தி இருமத் தொடங்கும்போதுதான் கொல்லைத் தாழ்வாரத்தில் கிடக்கும் மண் அடுப்பின் நினைவு வருகிறது. அன்று காலை அதை மூட்டுவது லேசான வேலை இல்லை. அடுப்பில் ஈரம், விறகில் ஈரம், தீப்பெட்டி நமுத்துப்போயிருக்கும். காற்றுகூடத் திசை மாறியிருக்கும்.

இந்தக் கரையில் ஆளுக்கு ஒரு முறை சொல்வார்கள். பனை ஓலையை விட்டால் வேறெதுவும் ஆகாது என்பார் ஒருவர். தென்னையில்லாமல் தீயேது என்பார் இன்னொருவர். சீமைக்கருவேலங்கட்டை (இனிச் சுருக்கமாகக் கருவேல்) இருந்தால் போதும் என்பவர்கள்தான் நிறையப் பேர். பல ஐப்பசிகளாக எல்லாவற்றையும் மாற்றி மாற்றி எரித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கிறது. பற்றவைக்கும் பொருள் வேறு, நின்று எரியும் பொருள் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிப் பேர் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் மண்ணெண்ணெயை ஒதுக்கிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அவசரத்தில் ஒரு கரண்டி ஊற்றித்தான் மூட்டினேன். தீ குபுக்கென்று எழுந்தது, எண்ணெய் தீர்ந்ததும் அணைந்தது, ஈர விறகு அப்படியே இருந்தது. மறுபடி ஊற்றப் போனபோது அத்தை கையைப் பிடித்துவிட்டார். "உள்ளே கங்கு கிடக்கிறது தாயி, ஊற்றாதே" என்றார். சூடான கங்கின் மேல் விழும் மண்ணெண்ணெய் உடனே ஆவியாகி, ஊற்றுகிற கையை நோக்கியே தீயாய்த் திரும்பி வரும். அன்று தப்பித்தேன். ஆனால் பெரியவளின் ஈரத் தலையில் அன்று முழுதும் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அதற்குப் பிறகு அந்தக் கேன் அடுப்புப் பக்கம் வந்ததில்லை.

பற்றவைக்க: ஓலையும் பன்னாடையும்

பனை ஓலைக்கு மழைக்காலத்தில் ஒரு பெரிய பலம் உண்டு. அதன் மேல் மெழுகு போன்ற பூச்சு இருப்பதால் மழைநீர் ஊறாமல் வழிந்துவிடும். நனைந்த ஓலையை நன்றாக உதறி, தாழ்வாரத்தில் காற்றுப் படும்படி கட்டித் தொங்கவிட்டால் வெயிலே இல்லாவிட்டாலும் சீக்கிரம் உலர்ந்துவிடும். சாயல்குடி, பெரியபட்டினம் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை. கூரை மாற்றும் வீடுகளில் பழைய ஓலை கட்டுக் கட்டாகக் கிடக்கும். ஒரு குச்சி போதும், சடசடவென்று பற்றிக்கொள்ளும்.

அந்த வேகமே அதன் குறையும்கூட. ஒரு கைப்பிடி ஓலை எரிந்து முடிவதற்குள் கருவேலங்கட்டையின் தோல்கூடச் சூடாகாது. அடுத்த கைப்பிடி, அதற்கடுத்த கைப்பிடி என்று அடுப்பை விட்டு எழுந்திருக்க முடியாது. எரிந்த ஓலையின் கருந்தகடுகள் ஓரத்தில் சிவப்போடு மேலே எழும்பும். வாடைக் காற்றுக்கு அவை எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. கீற்றுக் கொட்டகைக்குக் கீழே அடுப்பு வைத்திருப்பவர்கள் ஓலையை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தென்னையில் கவனிக்க வேண்டியது பன்னாடை. மட்டையின் அடியில் மரத்தைச் சுற்றி வலைபோல் பின்னியிருக்கும் பழுப்பு நிறத் துணி அது. கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குறுக்கும் நெடுக்குமாக நூலோடுவதும், நடுவில் காற்றுப் போகும் கண்களும் தெரியும். தீக்குச்சியை ஒரு மூலையில் காட்டினால் முதலில் நூல் நுனிகளில் சிவப்புப் புள்ளிகள் ஓடும். பிறகுதான் மஞ்சளாகத் தீ எழும். ஓலையைவிட மெதுவாக, ஆனால் விடாப்பிடியாக எரியும். பறக்கவும் பறக்காது. உலர்ந்த தென்னம்பாளையை விரல் அகலத்துக்குக் கிழித்துப் பன்னாடையின் மேல் அடுக்கினால் தீக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆயுள் கிடைக்கும்.

தேங்காய் மட்டையை முதல் தீக்கு எடுக்கவே வேண்டாம். நார் ஈரத்தைப் பஞ்சு போல் குடித்து வைத்திருக்கும். எரிவதைவிடப் புகைவதே அதிகம். கொசுவிரட்ட நல்லது, வெந்நீர் போட ஆகாது.

சிரட்டையோ அதற்கு நேரெதிர். இறுகிய பொருளாகையால் ஈரம் உள்ளே ஏறுவதில்லை. மழையில் கிடந்த சிரட்டையைத் துடைத்தெடுத்தாலே எரியத் தயாராகிவிடும். ஆனால் தீக்குச்சிக்குப் பிடிக்காது, அதற்கு முன்னால் ஒரு தீ வேண்டும். இரண்டு மூன்றாக உடைத்து, கூரான விளிம்பு கீழே வரும்படி பன்னாடையின் மேல் சாய்த்து வைக்கிறேன். விளிம்பு முதலில் பிடிக்கும், பிறகு முழுச் சிரட்டையும் வெளிச்சமாக, அதிகப் புகையில்லாமல், நல்ல சூட்டோடு எரியும். ஓலைத் தீயால் முடியாத வேலையை நான்கு சிரட்டைகள் செய்துவிடும், அதாவது தடித்த விறகு பிடிக்கும்வரை தீயைத் தாங்கும். வருடம் முழுவதும் துருவிய தேங்காயின் சிரட்டையை விலைக்குக் கொடுக்காமல் ஒரு சாக்கு நிறையச் சேர்த்து வைப்பது அத்தையின் வழக்கம். இப்போது என் வழக்கமும் அதுதான்.

நின்று எரிய: கருவேலா, சவுக்கா?

இந்த மாவட்டத்தில் விறகென்றால் சீமைக்கருவேல்தான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த மரம் இன்று கண்மாய், வயல், வேலி என்று எங்கும் நிற்கிறது. 2017 வாக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுகளால் அதை அகற்றும் வேலை தென்மாவட்டங்களில் வேகமாக நடந்ததை எல்லோரும் பார்த்தோம். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்த மரமே சோறு. மரத்தைப் பற்றிய வழக்கு எப்படிப் போனாலும், விறகாக அதன் தகுதியில் எனக்குச் சந்தேகமில்லை. கட்டை கனமானது, நிதானமாக எரியும், எரிந்த பிறகு வரும் கங்கு நெடுநேரம் உயிரோடு இருக்கும்.

காய்ந்த கட்டை கிடைத்தால்தான் இதெல்லாம். பச்சையாக வெட்டியதை அடுப்பில் வைத்தால் முனையில் நுரை தள்ளும், கண் திறக்க முடியாத புகை வரும். காரணம் எளிது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பச்சை விறகின் எடையில் பாதிவரைகூடத் தண்ணீர் இருக்கலாம். அதைத் துரத்துவதற்கு வெப்பம் செலவாவது ஒரு நஷ்டம். தீ குளிர்ந்துபோய், விறகிலிருந்து எழும் வாயுக்கள் எரியாமலே புகையாக வெளியேறுவது அதைவிடப் பெரிய நஷ்டம். நம் கண்ணில் ஏறும் புகை, எரிந்திருக்க வேண்டிய விறகின் ஒரு பகுதிதான். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய விறகே நன்றாக எரியும். மாசியிலேயே வெட்டிப் பிளந்து கோடை முழுதும் காயவிட்டிருந்தால் ஐப்பசியில் அந்த நிலையில் இருக்கும். புரட்டாசியில் வெட்டியது இந்த மழைக்கு உதவாது.

காய்ந்ததா என்று பார்க்க நான் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுவேன். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரமானது மொத்தென்று சத்தம் போடும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விரிசல் ஓடியிருந்தால் இன்னும் நல்லது.

சவுக்கு விறகு காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஆனால் முள் இல்லை, நேராக இருக்கும், பிளப்பது சுலபம், சீக்கிரம் பற்றும். முழுதாகக் காயாத நிலையிலும் ஒருவாறு எரியும் என்பதால், கோடையில் விறகு சேர்க்கத் தவறியவர்களுக்குச் சவுக்கைத்தான் சொல்வேன். கையில் முள் குத்திச் சீழ் வைத்து ஒரு வாரம் அவதிப்பட்டவர்களுக்கு அந்தக் காசு பெரிதாகத் தெரியாது. எனினும் எங்கள் அடுப்பில் சவுக்கின் கங்கு கருவேலங்கங்கைப் போல இரவைக் கடந்து நின்றதில்லை.

பனங்கருக்கு மட்டை, அதாவது ஓரத்தில் பல்பல்லாகக் கூர் இருக்கும் பனை ஓலைக் காம்பு, இடையில் நிற்கும் பொருள். கருவேலின் சூடு அதற்கு இல்லை, சாம்பல் நிறைய விழும். சிரட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு படியாக வைத்துக்கொள்ளலாம்.

குடை பிடித்தது போல் தலை பரப்பி நிற்கும் உடைமரம் இந்தக் கரையின் சொந்த மரம். அதன் விறகும் அருமையானது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் சீமைக்கருவேல் பரவிய பிறகு எங்கள் பக்கம் உடை குறைந்துகொண்டே வருகிறது. ஆடுகளுக்கு நெற்றும் நிழலும் தரும் மரத்தை வெந்நீருக்காக வெட்ட எனக்கு மனமில்லை.

கடல் ஒதுக்கும் கட்டையையும் உடைத்த பழைய வள்ளத்தின் பலகையையும் அடுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டும் வேண்டாம். உப்பு ஏறிய மரம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எரியும்போது அந்த உப்பிலிருந்து வரும் புகை நெஞ்சுக்கும் கெடுதி, இரும்புப் பாத்திரத்துக்கும் கெடுதி. வள்ளப் பலகையில் பெயிண்டும் தாரும் சேர்ந்திருக்கும்.

அடுப்பும் காற்றும்

எங்கள் அடுப்பு கண்மாயில் அள்ளும் வண்டல் மண்ணான கரம்பையில் போட்டது. கடற்கரை மண்ணில் போட்ட அடுப்பு இரண்டே மழையில் உப்புப் பூத்து உதிர்ந்துவிட்டதால், அடுத்த முறை நான்கு கூடை கரம்பை வரவழைத்தோம். அந்த அடுப்பும் ஆறு மாதம் சும்மா கிடந்தால் ஈரம் குடித்திருக்கும். முதல் நாளே பெருந்தீ போட்டால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் சுவர் வெடிக்கும். ஆகவே முதல் அரைமணி நேரம் சிரட்டைத் தீ மட்டும், பிறகுதான் கட்டை. அதற்கு முன்னால் பழைய சாம்பலை முழுதும் அள்ளிவிட வேண்டும், சாம்பலும் ஈரத்தை இழுக்கும். விறகடுக்கில் நேராகக் கை விடாமல் ஒரு கம்பால் தட்டிவிட்டு எடுப்பது நல்லது. மழை தொடங்கியதும் தேளும் பூரானும் கட்டுவிரியனும் உலர்ந்த இடம் தேடி அங்கேதான் வரும்.

எங்கள் பக்கம் சமைப்பவர் கிழக்குப் பார்த்து உட்காருவது வழக்கம். அப்படியானால் அடுப்பின் வாய் மேற்கே இருக்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று வாய் வழியாகவே நுழைந்து தீயை வளர்க்கும். ஐப்பசியில் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வாடை வருகிறது. அது அடுப்பின் முதுகுப் பக்கம் வந்து, பானையைத் தாங்கும் குமிழ்களுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகப் புகையை நேராக ஊதுபவர் முகத்துக்குத் தள்ளும். விறகு சரியில்லை என்று திட்டுகிறோம், குற்றம் காற்றுடையது. வடகிழக்கு மூலையில் ஒரு ஓலைத்தட்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்தினேன். அன்றிலிருந்து ஊதுகுழலைத் தேடும் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது.

புகைபோக்கி வைத்த அடுப்போடு ஒப்பிட்டால் மண் அடுப்பு தோற்கிறது, இதை ஒளிக்க வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டில் வீட்டு அடுப்புப் புகையால் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. தாழ்வாரத்தில், நாலு பக்கமும் திறந்த இடத்தில் இல்லாமல் அறைக்குள் விறகெரிப்பதாக இருந்தால் புகைபோக்கி கட்டாயம். ஆனால் அதற்கும் முதல் நாள் சிக்கல் உண்டு. மாதக்கணக்கில் சும்மா நின்ற குழாய்க்குள் குளிர்ந்த கனத்த காற்று அடைத்து நிற்கும். மூட்டியதும் புகை மேலே ஏறாமல் அடுப்பின் வாய் வழியே திரும்பும். குழாயின் அடிவாயில் ஒரு கைப்பிடி ஓலையைக் கொளுத்திக் குழாயைச் சூடாக்கிவிட்டு, அதன் பிறகு அடுப்பை மூட்டினால் சரியாகிவிடும். ஓலையின் அவசர குணம் பயன்படும் ஒரே இடம் இது. குருவிக்கூடு, குளவிக்கூடு இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். இலையுதிர் காலத்தில் இரும்பு அடுப்பை முதன்முதலாக மூட்டும் குளிர்நாட்டுக்காரர்களும் குழாயைத் துடைத்துச் சூடாக்கிய பிறகே தொடங்குகிறார்கள். ஈர விறகின் புகை குழாயின் உள்ளே தாராகப் படிந்து ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும் என்ற பயம் அவர்களுக்கு அதிகம்.

அடுப்புக் கரி புகையாது என்று நம்பி மழை இரவில் அதைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகிறவர்கள் உண்டு. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் தூங்குபவர் எழுந்திருக்காமலே போகலாம். எவ்வளவு குளிர்ந்தாலும் வேண்டாம்.

இந்த வருடம் நான் செய்தது இதுதான். அடியில் இரண்டு கருவேலஞ்சுள்ளிகளைக் காற்றோட்டத்துக்காக நீளவாக்கில் போட்டேன். அதன் மேல் ஒரு பன்னாடை, மேலே நான்கு சிரட்டை, ஒரு கருக்கு மட்டைத் துண்டு. ஒரே குச்சி. அடுப்புச் சுவர் கைக்கு வெதுவெதுப்பானதும் மாசியில் பிளந்த கட்டைகளில் இரண்டை உள்ளே தள்ளினேன். தவலைத் தண்ணீர் கொதித்தது, பிள்ளைகள் குளித்தார்கள், அத்தை கடைசிச் சொம்பைக் காலில் ஊற்றிக்கொண்டார். இரவு மீந்த கங்கை ஒன்றுகூட்டி, அன்றைய புதுச் சாம்பலால் மூடிவைத்தேன். காலையில் கரண்டியால் கிளறியபோது கருவேலங்கங்கு உள்ளே சிவந்தே இருந்தது. அதன் மேல் ஒரு பன்னாடைத் துண்டை வைத்து இரண்டு முறை ஊதினேன். தீப்பெட்டியைத் தேடவில்லை.