லோடு கணக்கா, அளவுக் கணக்கா: மனைக்கு மண் நிரப்பும் செலவை மதிப்பிடுதல்

தாம்பரத்துக்குத் தெற்கே, ஏரிப் பாசன வயலாக இருந்து மனையாக மாறிய ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) நிலத்தை உயர்த்த வேண்டியிருந்தபோது, ஒப்பந்தக்காரர்கள் இரண்டு விதமாக விலை சொன்னார்கள். டிப்பர் லோடு ஒன்றுக்கு இவ்வளவு என்பது ஒரு முறை. மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டிக் கெட்டித்த பிறகு நிலத்திலேயே அளந்து, கன அடிக்கு இவ்வளவு என்பது மற்றொரு முறை. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

லோடு கணக்கின் வசதி வெளிப்படையானது: வண்டிகளை எண்ணினால் போதும். பாதி நிரம்பிய வண்டியும் ஒரு லோடாக எண்ணப்படுவது எல்லோரும் அறிந்த குறைதான். ஆனால் மதிப்பீட்டைக் கவிழ்ப்பது அதுவன்று, மண்ணின் சுருக்கமே.

2,400 சதுர அடியை 3 அடி உயர்த்த 7,200 கன அடி, அதாவது 72 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மண் வேண்டும். டிப்பர் தொட்டியின் உட்புறம் 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் ஏறக்குறைய 3 யூனிட் கொள்ளும். ஆகவே 24 லோடு போதும் என்று தோன்றும். வண்டியில் வருவதோ தோண்டும்போது உப்பிய மண். கெட்டிக்கும்போது அது ஐந்தில் ஒரு பங்கு அமுங்குவதாகக் கொண்டால், 90 யூனிட், அதாவது 30 லோடு தேவைப்படும். ரோலருக்குக் கூலி கொடுத்து, அதனாலேயே மேலும் ஆறு லோடுக்கும் பணம் கொடுக்க எந்த உரிமையாளருக்கும் மனம் வராது; கெட்டித்தலைக் கைவிட்டுவிடுகிறார், பிறகு மழைக்காலத்தில் தரை இறங்குகிறது. அளவுக் கணக்கில் சுருக்கம் ஒப்பந்தக்காரரின் பொறுப்பாகிவிடுகிறது. எனவே அவர் சொல்லும் விலை லோடு விலையைவிடக் கால் பங்கு கூடுதலாக இருந்தாலும் அது உண்மையில் சம விலைதான். அதற்கு மேல் ரோலருக்கும் தண்ணீருக்கும் ஆகும் செலவையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இந்த முறைக்கும் ஒரு விலை உண்டு. புல்லையும் வேரோடிய மேல்மண்ணையும் நீக்கிய பிறகு, நிரப்பத் தொடங்கும் முன்பாக, பத்தடிக்கு ஒரு புள்ளியாக மட்டம் எடுத்து, அதாவது தரையின் உயரத்தை அளந்து குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். சராசரி மட்டத்தில் அரை அடி பிசகினால் 1,200 கன அடி கூடவோ குறையவோ செய்யும்.

ஐந்தில் ஒரு பங்கு என்பது சாதாரண மண்ணுக்கான தோராயம். கிராவலுக்கும் இடிபாட்டுக் கலவைக்கும் அது மாறும். நான் நிரப்பியது சமதள மனை என்பதால், ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் நிரப்பும் சரிவு நிலத்துக்கு இதே கணக்கைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். சிறு பள்ளத்துக்கு நாலைந்து வண்டி மண் மட்டும் வேண்டுமென்றால் லோடு கணக்கே போதும், மட்டம் எடுக்கும் செலவு அங்கே வீண். அளவுக் கணக்கை ஏற்பவர்கள், ஒவ்வொரு அடுக்கும் 9 அங்குலத்துக்கு மிகாமல் பரப்பிக் கெட்டிக்கப்பட வேண்டும் என்பதையும், கடைசி அடுக்கில் ரோலர் ஓடிய பிறகே இறுதி அளவு எடுக்கப்படும் என்பதையும் முன்பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.