மரை போன போல்ட்: ஹெலிகாயிலா, ஓவர்சைஸா?

மண்டபம், பாம்பன் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கம்தான். இன்ஜினில் ஒரு போல்ட்டைக் கழற்றினால், அலுமினியத்தில் இருந்த மரையும் (திருகுப் பள்ளமும்) சேர்ந்து வந்துவிடும். போல்ட்டின் பள்ளங்களில் அலுமினியம் சுருள்சுருளாகச் சிக்கியிருக்கும், மேலே வெள்ளைப் பவுடர் பூத்திருக்கும். ஸ்டீலும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அரிபடுவது அலுமினியம்தான். இங்கே வாடைக் காற்றில் வடகடல் ஈரம், கச்சான் காற்றில் தென்கடல் ஈரம்.

சரிசெய்ய முக்கியமாக இரண்டு வழி. ஓட்டையைப் பெரிதாக்கி அடுத்த சைஸ் போல்ட் போடுவது ஒன்று, இதுதான் ஓவர்சைஸ். பெரிதாக்கிய ஓட்டைக்குள் கம்பிச் சுருள் ஒன்றை நுழைத்து, பழைய சைஸ் போல்ட்டையே போடுவது இன்னொன்று, இதுதான் ஹெலிகாயில். எம்-சீல் (எபாக்சி பசை) அடைத்து மரை போடுவதை விட்டுவிடுங்கள். இன்ஜினில் இறுக்கம் தாங்க வேண்டிய இடத்துக்கு அது ஆகாது.

ஓவர்சைஸ் எளிது, செலவும் குறைவு. நம் ஊர் மெக்கானிக்குகள் பலர் விசைப்படகு இன்ஜினில் கை பழகியவர்கள். அந்த வார்ப்பிரும்பு பிளாக்கில் சதை நிறைய உண்டு, அங்கே இது நல்ல வழிதான். எம்8 (8 மி.மீ. போல்ட்) மரை போனால் 8.5 மி.மீ. ட்ரில் விட்டு, எம்10 டேப் (மரை வெட்டும் கருவி) அடித்தால் வேலை முடிந்தது.

என் காரில் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டின் எம்8 மரை போனபோது நான் ஹெலிகாயில்தான் போட்டேன். ஓவர்சைஸ் அடித்தால் சுவர் மெலியும், ஹெலிகாயிலில் மெலியாது என்று சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. எம்8 ஹெலிகாயிலுக்கு அடிக்கும் மரையே வெளிவிட்டம் 9.6 மி.மீ. வரும், எம்10-க்கு 10. ஆனால் எம்10 போட்டால் பிராக்கெட் ஓட்டையையும் பெரிதாக்க வேண்டும், போல்ட் தலையும் பெரிதாகி சாக்கெட் நுழையாமல் போகலாம்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது வேறொன்று: அந்த போல்ட்டை மறுபடி கழற்றியே ஆக வேண்டும். ஓவர்சைஸில் புது போல்ட்டும் அதே அலுமினியத்தில்தான் நிற்கிறது. அதே உப்பு, அதே வெள்ளைப் பவுடர். அடுத்த தடவை மரை போனால் பெரிதாக்க இடமே இருக்காது. ஹெலிகாயிலில் போல்ட் சுற்றுவது ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருளின் மேல். கழற்றி மாட்டுவதில் அலுமினியம் தேய்வதில்லை. சுருள் கெட்டாலும் அதைப் பிடுங்கிவிட்டு, அதே மரையில் புதுச் சுருள் போட்டுக்கொள்ளலாம்.

அதற்காக ஸ்டெயின்லெஸ் வந்ததும் அரிப்பே நின்றுவிடாது. அதுவும் அலுமினியத்தோடு சேர்ந்தால் அரிக்க வைக்கும். அதனால் சுருளின் வெளிப்பக்கம் ஜிங்க் குரோமேட் பிரைமரோ திரெட்லாக்கரோ (மரையில் தடவும் பசை) தடவி, ஈரம் புகாமல் செய்தால் நல்லது. போல்ட்டுக்கு ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகி ஒட்டாமல் இருக்கப் பூசுவது) பூசுங்கள். பூசினால் உராய்வு குறையும். மேனுவலில் உள்ள டார்க்கை (இறுக்கும் அளவை) அப்படியே வைத்தால் போல்ட் அதிகமாக இழுபடும், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

போடும்போது ட்ரில்லிலும் டேப்பிலும் கிரீஸ் தடவினால் தூள் உள்ளே கொட்டாமல் ஒட்டிக்கொள்ளும். ட்ரில் சாய்ந்தால் போல்ட் நேராக உட்காராது, இதில் மட்டும் அவசரம் கூடாது. சாதாரண எம்8 டேப் இதற்கு உதவாது, ஹெலிகாயில் கிட்டோடு வரும் டேப்தான் வேண்டும். ராமநாதபுரத்தில் கிட் கிடைக்கவில்லை என்றால் மதுரையில் கேளுங்கள். சுருள் மேல்மட்டத்துக்குக் கால் முதல் அரைச் சுற்று கீழே நிற்க வேண்டும். அப்புறம் அடியில் இருக்கும் சின்ன நாக்கை பஞ்ச் கம்பியால் தட்டி ஒடித்து, மறக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் ஜாக்கெட் (இன்ஜினுக்குள் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் இடம்) வரை போகும் ஓட்டை என்றால் சீலன்ட் கட்டாயம், சுருளின் இடுக்கு வழியே கசியும். ஸ்பார்க் பிளக்குக்கு ஓவர்சைஸ் என்ற பேச்சே இல்லை, பிளக் சைஸ் மாறாதே. அங்கேயும், அடிக்கடி கழற்றும் ஆயில் டிரெயின் போல்ட்டிலும் சுருளைவிட கெட்டி புஷ் (உள்ளும் வெளியும் மரை உள்ள உலோகக் குழாய்) போடுவது மேல் என்பது என் எண்ணம். ஆனால் அதை நானே போட்டுப் பார்த்ததில்லை. ஹெட் போல்ட்டில் மரை போனால் கையால் ட்ரில் பிடிக்க வேண்டாம், மெஷின் ஷாப்புக்குக் கொண்டுபோய்விடுங்கள்.