எம்பிஏ எஸ்ஸேல கோல்: பாயிண்டா எழுதுறதா, பெரிய கனவா எழுதுறதா?

எம்பிஏ அப்ளிகேஷன்ல கரியர் கோல் எழுதுறவங்க பெரும்பாலும் ரெண்டு கட்சியா பிரிஞ்சுடுறாங்க. ஒரு கட்சி "படிச்சு முடிச்சதும் இன்ன இண்டஸ்ட்ரில இன்ன வேலை"ன்னு பாயிண்டா எழுதும், இன்னொரு கட்சி "மருத்துவத் துறையையே மாத்திக் காட்டுவேன்"ன்னு பெரிய கனவா எழுதும். நான் முதல் கட்சிதான், ஆனா கண்டிஷன் இருக்கு.

பிசினஸ் ஸ்கூல் எதுக்கு இத கேக்குதுன்னு மொதல்ல பாருங்க. படிப்பு முடிஞ்சு மூணு மாசத்துல எத்தனை பேர் வேலைல சேர்ந்தாங்கன்றத ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகையோட எம்பிஏ ரேங்கிங் கணக்குல எடுத்துக்குது, பெரிய ஸ்கூல் எல்லாம் வருஷா வருஷம் எம்ப்ளாய்மென்ட் ரிப்போர்ட் வேற போடுது, அதனால எஸ்ஸே படிக்கறவர் மனசுல "இந்த ஆள இந்த வேலைக்கு ஒரு கம்பெனி எடுக்குமா"ன்ற கேள்வி ஓடிட்டே இருக்கும். கனவு மட்டும் எழுதினா அதுக்கு பதில் இல்லாம போயிடுது.

ஒரு உதாரணம் வச்சுக்கலாம். ஆஸ்பத்திரி பில்லிங் சாஃப்ட்வேர்ல நாலு வருஷம் வேலை பாத்த இன்ஜினியர். "எல்லாருக்கும் தரமான மருத்துவம் கிடைக்கணும்"னு எழுதினா நல்ல மனசு தெரியுது, ஆனா அத யார் வேணா எழுதலாம். அவரே "இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் ஏன் திரும்பி வருதுன்னு தினமும் பாக்கறேன், எத சரி பண்ணணும்ன்ற முடிவு என் கைல இல்ல, அதனால ஹெல்த்கேர் டெக் கம்பெனில ப்ராடக்ட் மேனேஜர் ஆகணும்"னு எழுதினா படிக்கறவருக்கு ஆள் கண்ணுக்கு தெரியும்.

பாயிண்டா எழுதுறதுலயும் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. "கன்சல்டிங், அப்புறம் பார்ட்னர்"னு எழுதினாலும் பாயிண்டுதான், ஆனா ஏன்னு சொல்லலன்னா அது வெறும் போஸ்ட் பேரு. ஒரே ஒரு கம்பெனி பேர மட்டும் எழுதுறதும் ரிஸ்க், அங்க எம்பிஏ ஆளுங்கள எடுக்கறதே அபூர்வமா இருக்கலாம், அதே மாதிரி ரோல் இருக்கற ரெண்டு மூணு கம்பெனியா சொல்றது பாதுகாப்பு.

அதனால என் கணக்கு இதுதான்: ஷார்ட் டேர்ம் கோல் நடக்கக்கூடியதா இருக்கணும், கனவுக்கு லாங் டேர்ம்ல இடம் குடுங்க. நிறைய பேர் இத தலைகீழா பண்றாங்க, மொதல் வேலைலயே உலகத்த மாத்தறேன்னுட்டு பதினஞ்சு வருஷம் கழிச்சு "சீனியர் லீடர்ஷிப் ரோல்"னு சப்புன்னு முடிச்சுடறாங்க.

ஸ்கூலப் பொறுத்தும் மாறும். கொலம்பியா உடனடி கோலை 50 கேரக்டர்ல, அதாவது 50 எழுத்துல கேக்கும், ஸ்பேஸும் அதுல அடக்கம், அங்க கனவுக்கு இடமே கிடையாது, அத அடுத்து வர்ற எஸ்ஸேலதான் விரிக்கணும். சிக்காகோ பூத்ல கோல் எஸ்ஸேக்கு குறைஞ்சது 250 வார்த்தை, மேல லிமிட் இல்ல. ஸ்டான்ஃபோர்டோட முக்கிய எஸ்ஸே உங்களுக்கு எது ரொம்ப முக்கியம், ஏன்னு கேக்குது, அங்க போய் ப்ராடக்ட் மேனேஜர் புராணம் பாடினா கேள்விய விட்டுட்டு எங்கயோ போன மாதிரி ஆயிடும். கேள்விகள் அப்பப்போ மாறும், அப்ளை பண்ற வருஷத்துத பாத்துக்கோங்க.

ஃபீல்டு மாறணும்னு நினைக்கறவங்களுக்கு கோர்ஸ் நீளமும் முக்கியம். ரெண்டு வருஷ கோர்ஸ்ல நடுவுல சம்மர் இன்டர்ன்ஷிப் இருக்கு, புது ஃபீல்ட அங்க டெஸ்ட் பண்ணலாம், அதனால பெரிய மாற்றம் எழுதினாலும் நம்புவாங்க. பிரான்ஸ்ல இருக்கற இன்சீட் பிசினஸ் ஸ்கூல் மாதிரி 10 மாச கோர்ஸ்ல அந்த இடைவெளி கம்மி, அங்க இண்டஸ்ட்ரி, ரோல், நாடு மூணையும் ஒரே நேரத்துல மாத்தறேன்னா உங்க பழைய அனுபவத்துல எது புது வேலைக்கு கை குடுக்கும்னு அழுத்தமா காட்டியே ஆகணும்.

"இன்னும் முடிவு பண்ணல, வந்து பாத்துக்கறேன்"ன்றது மூணாவது வழி. நேர்மைதான், ஆனா எடுபடாது. சேர்ந்தப்புறம் கோல் மாறினா யாரும் கேக்கப் போறதில்ல, அது ஸ்கூலுக்கும் தெரியும். இன்னிக்கு கைல இருக்கறத வச்சு யோசிச்சு ஒரு வழி போட முடியுதான்னுதான் பாக்கறாங்க.

எது எழுதினாலும் அத உங்க ரெக்கமண்டர், அதாவது உங்களுக்கு சிபாரிசு லெட்டர் எழுதறவர் கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, நீங்க ப்ராடக்ட்னு எழுதி அவர் ஃபைனான்ஸ்னு எழுதினா ரெண்டு பேர் சொல்றதும் நம்பற மாதிரி இருக்காது.