சூரியன்–பூமி மாதிரி: காசு கொடுக்கும் முன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்

பருவங்கள் ஏன் மாறுகின்றன என்று பிள்ளைகளுக்குக் காட்ட, புதுச்சேரி, கடலூர் ஸ்டேஷனரிக் கடைகளில் பலரும் கேட்டு வாங்குவது இந்த பிளாஸ்டிக் மாதிரியைத்தான். நடுவில் பல்பு, 20 செ.மீ. நீளக் கை, கையின் நுனியில் சாய்ந்த கம்பியில் பூமி உருண்டை, அடியில் மூன்று பென்சில் செல். பெட்டி மேல் படம் பிரமாதமாக இருக்கும். அதை நம்ப வேண்டாம்.

வட துருவத்தைக் கடை வாசல் பக்கம் திருப்பி வைத்து, கையை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். துருவம் கடைசிவரை வாசல் பக்கமே சாய்ந்து நின்றால் எடுத்துக்கொள்ளலாம். பல்பைப் பார்த்தபடியே சுற்றி வந்தால் வேண்டாம். அந்த பூமியில் வருஷம் பூரா நமக்குக் கோடைதான். விலை குறைந்த மாதிரிகளில் கம்பியைக் கையோடு சேர்த்து ஒட்டிவிடுவதால் வரும் வினை இது. நல்ல மாதிரியில் நடுவிலும் பூமிக்கு அடியிலும் பல் எண்ணிக்கை ஒன்றாக உள்ள இரு சக்கரங்கள், இடையே இன்னொரு சக்கரம் இருக்கும். ரப்பர் பெல்ட் போட்டது என்றால், பெல்ட் தளர்ந்ததும் வழுக்கி அச்சின் திசை கெடும். ஒட்டிய மாதிரியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கம்பியைப் பெயர்த்து, கால் சுற்றுக்கு ஒருமுறை கையால் திருப்பி வைத்துச் சமாளிக்கலாம்.

அடுத்தது பல்பின் உயரம். பல்பும் உருண்டையின் நடுப்பகுதியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். 20 செ.மீ. கையில் 2 செ.மீ. ஏறி இறங்கினாலே கிட்டத்தட்ட 6 டிகிரி பிசகும். மொத்தச் சாய்வே 23.5 டிகிரிதான் என்பதால் இது சின்னப் பிசகு இல்லை. அறையை இருட்டாக்கி, நம் ஊர் இருக்கும் 12 டிகிரி வட அட்சத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

கூட வரும் விளக்கத் தாளைக் கிழித்துப் போடலாம். பூமியின் பாதையை முட்டை மாதிரி இழுத்து வரைந்திருப்பதால், கிட்டே போனால் கோடை என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். நிஜத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி முதல் வாரத்தில், 14.7 கோடி கி.மீ. தூரத்தில், ஜூலையில் அது 15.2 கோடி. நமக்கு மார்கழிக் குளிர் அடிக்கும்போதுதான் சூரியன் கிட்டே இருக்கிறது.

மாதிரியோடு மொட்டை மாடியில் 1 மீட்டர் குச்சி ஒன்றையும் செங்குத்தாக நட்டு வையுங்கள். பகல் 12.10 வாக்கில், டிசம்பர் 22 அன்று நிழல் வடக்கே சுமார் 70 செ.மீ. விழும். ஏப்ரல் 21 வாக்கில் நிழலே இருக்காது. ஜூன் 21 அன்று தெற்கே 20 செ.மீ. விழும். ஆகஸ்ட் 21 வாக்கில் மறுபடி நிழல் காணாமல் போகும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையை மட்டும் இந்த மாதிரியில் காட்ட முடியாது. அதற்குக் காற்று திசை மாறுவதையும் வங்கக் கடலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உலக வரைபடம் ஒன்று தனியாக வாங்குங்கள்.