ஆறு ஆண்டுகளாக என் லென்ஸில் ஒரு போலரைசர் பில்டர்

ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வட்டப் போலரைசர் பில்டர் இன்னும் என் லென்ஸின் முகப்பில்தான் இருக்கிறது. வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பளபளப்பைக் குறைக்க உதவும் கண்ணாடி அது. அதற்கு முன் மலிவாக வாங்கிய ஒன்று படங்களுக்கெல்லாம் மஞ்சள் பூசியதால் இரண்டே மாதத்தில் ஒதுக்கிவிட்டேன்.

இதை மாட்டிய முதல் வாரம், எங்கள் ஊர்க் குளக்கரை. தண்ணீரில் வானத்தின் வெள்ளைப் பளபளப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. வளையத்தை மெல்லத் திருப்பினேன். வெண்மை வடிந்தது. மூழ்கிய படிக்கட்டும், அதில் படிந்த பாசியும், பாசியைக் கொறிக்கும் மீன் குஞ்சுகளும் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. பளபளப்பு மறைத்த மீனைப் பிறகு எந்தக் கணினியாலும் மீட்க முடியாது. இதை வாங்கச் சொல்ல எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

நீரில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு இணையாகவே அதிரும். பள்ளியில் தளவிளைவு என்று படித்தோமே, அதுதான். அந்த அதிர்வை பில்டர் மறித்துவிடுகிறது. ஆனால் நீர்ப்பரப்புக்குச் சுமார் 37 பாகை சாய்வில் பார்த்தால்தான் முழுப் பலன். நேர் மேலிருந்து குனிந்து பார்த்தால் எவ்வளவு திருப்பினாலும் மாற்றம் இராது. பித்தளைக் குடத்தின் மினுமினுப்பும் போகாது. உலோகத்தின் இயல்பு வேறு. பட்டுத் திரும்பும் ஒளியின் இந்தத் தளவிளைவை, 1808இல் பாரிஸில் மாலுஸ் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர், லக்சம்பர்க் அரண்மனை ஜன்னலில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலைக் கால்சைட் படிகம் வழியே பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

வானத்தில், சூரியனிலிருந்து 90 பாகை தள்ளியுள்ள பட்டையில்தான் நீலம் மிகவும் ஆழமாகும். காலையில் அந்தப் பட்டை வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்கே ஓடும். உச்சிவெயிலில் அடிவானத்துக்கு இறங்கிவிடும். மேகத்துக்குள் ஒளி பலமுறை சிதறுவதால் மேகம் அவ்வளவாக இருள்வதில்லை. கருநீலத்தில் பஞ்சாக எழுந்து நிற்கும். அகலக் கோண லென்ஸில் மட்டும் இந்தப் பட்டை திட்டாக விழுந்து படத்தைக் கெடுக்கிறது. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சமும் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்); மாலை மங்கினால் கழற்றிவிடுவேன்.

போன ஐப்பசியில் ஒரு மாலை, மழை விட்டதும் கிழக்கே வானவில். அவசரமாகக் கேமராவைத் தூக்கினால் வில்லின் உச்சிப் பகுதியைக் காணவில்லை. பில்டர் குளத்துக்காக வைத்த நிலையிலேயே இருந்தது. வில்லின் உச்சியிலிருந்து வரும் ஒளியும் கிடைமட்டமாகவே அதிர்கிறது. கால் சுற்றுத் திருப்பினேன். வெறும் கண்ணுக்குத் தெரிந்ததைவிட அழுத்தமான நிறங்களோடு வில் திரும்பி வந்தது.